பாய்மரமும் பௌதிகமும்

கல்வி என்பது ஏட்டிலே தொடங்கி ஏட்டிலே முடிந்துவிடுவதன்று என்பதை எவரும் மறுத்துரையார். மறுத்துரையார் எனினும், அதன்வழி நின்று கற்பிப்போர் அரியர். நாமும் நெடுங்காலம் அவ்வரியருள் ஒருவராய் இருந்தோமல்லேம். ஆகலின் இக்கட்டுரையிற் பிறர்மேற் சுமத்தப்படும் குறை எதுவாயினும் அதிற் பாதி நமக்கும் உரியது என்று முதற்கண் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

கல்லூரியின் விழாமலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியர் என்ற முறையில் இலக்கியப் பொருளொன்றையே எழுத எண்ணினோம். ஆயினும் பொத்துவிலிலே கற்பிக்கும் காலத்தில் நமக்கு நேர்ந்த ஓர் அநுபவம் நெஞ்சை விட்டு அகல மறுத்தது. பழைய மாணவரும், இன்று பயில்வோரும், ஆசிரியரும் ஒருங்கே வாசிக்கும் இம்மலரே அதனைச் சொல்லுதற்கு ஏற்ற இடம் எனத் துணிந்தோம்.

நாம் கற்பித்த பாடசாலையொன்றில் ஒரு தவணை முழுதும் விஞ்ஞான ஆசிரியர் இல்லாதிருந்தார். மாணவர் வாளாவிருத்தல் ஆகாதென்று மேல்வகுப்பொன்றுக்கு நாமே அனுப்பப்பட்டோம். அன்றைய பாடம் ஆக்கிமிடிசின் தத்துவம். முன்வரிசையில் இருந்த மாணவனொருவன் எழுந்து, பாயியொன்றில் அமிழ்ந்த பொருளின் மேலுதைப்பு அதனால் இடம்பெயர்க்கப்பட்ட பாயியின் நிறைக்குச் சமமாகும் என்று ஒரு சொல்லும் பிசகாது ஒப்புவித்தான். கடைசி வரிசையில் இருந்தவனோ வாய் திறந்தானல்லன். அவன் மீனவர் மகன் என்பது நமக்குத் தெரியும். “தம்பி, உன் வாப்பாவின் தோணி களப்பிலே நன்றாக மிதக்குமா, கடலிலே நன்றாக மிதக்குமா?” என்று வினவினோம். அவன் சிறிதும் தயங்காது, “களப்புல எண்டா கொஞ்சம் தாழும் சேர், கடல்ல எண்டா தூக்கும்” என்றான். ஏன் என்று கேட்டோம். அதற்கு விடையில்லை.

இவ்விருவருள் பௌதிகம் அறிந்தவன் யாவன்? பரீட்சைத் தாளிலே முன்னவனுக்கு முழுப்புள்ளி, பின்னவனுக்குப் பூச்சியம். ஆயினும் உண்மையை உள்ளபடி உரைப்பின், இருவரும் பாதியே அறிந்தவர். ஒருவனிடம் சொல் உண்டு, பொருள் இல்லை. மற்றவனிடம் பொருள் உண்டு, சொல் இல்லை. இவ்விரண்டையும் ஒன்று சேர்ப்பதற்கே பள்ளிக்கூடம் என்றொன்று வேண்டும்.

அடுத்த வாரமே மாணவரைக் கொண்டு ஒரு சிறு சோதனை செய்தோம். ஒரே பருமனுள்ள நேரான மூங்கிற் குழலொன்றின் இரு வாயையும் நன்கு அடைத்து, அடியிலே மணலைப் பாரமாக வைத்து, நீரிலே நிமிர்ந்து மிதக்கும்படி அமைத்தோம். பாடசாலைக் கிணற்று நீரில் அது 40 சென்ரிமீற்றர் அமிழ்ந்தது. கடல் நீரில் 39 சென்ரிமீற்றரே அமிழ்ந்தது. நன்னீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1000 கிலோகிராம். கடல் நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1025 கிலோகிராம். நாற்பதை 1.025 ஆல் வகுத்தால் வருவது முப்பத்தொன்பதே. களப்பு நீரிலே குழல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் நின்றது. மீனவர் மகன் அந்தக் குழலை விட்டு நெடுநேரம் கண்ணெடுத்தானல்லன். தன் வீட்டாரின் பேச்சிலே கேட்டுப் பழகியதொன்று கணக்காகத் தன்முன் நிற்பதை அவன் அன்றுதான் கண்டான்.

இவ்விடத்து வேறொன்றையும் கூறுதல் நேர்மை. தோணியின் எடை ஆட்களோடு 400 கிலோகிராம் என்றும், நீர்மட்டத்தில் அதன் பரப்பு இரண்டு சதுர மீற்றர் என்றும் கொண்டால், நன்னீருக்கும் கடல் நீருக்கும் இடையே அது தாழும் வேறுபாடு அரைச் சென்ரிமீற்றரே ஆகும். அதனை அலையாடும் நீரிலே கண்ணாற் காண்டல் அரிது. “அப்படியானால் வாப்பா சொன்னது பிழையா?” என்று ஒரு மாணவி கேட்டாள். பிழையன்று, ஆனால் வாப்பா அதனைக் கண்டாரா, முன்னோர் சொல்லக் கேட்டாரா என்பதும் ஆராயத்தக்கதே என்றோம். விஞ்ஞானம் என்பது இவ்வையத்தையும் உள்ளடக்கியதே என்க.

இதன்பின் மாணவரின் ஆர்வம் நம்மை விடவில்லை. இளமையிலே பாய் விரித்துத் தொழில் செய்த முதிய மீனவர் ஒருவரை அணுகினோம். நாம் அவரைக் காக்கா என்றே அழைப்போம். பொறி பூட்டிய படகுகள் வந்தபின் இக்கரையிலே பாய் அரிதாயிற்று. காக்காவோ மறந்தாரில்லை. சிறு வள்ளமொன்றுக்கு மரம் நட்டு, பருமல் கட்டி, பழைய சீலையிலே பாய் தைத்து ஏற்றினார். ஆழமில்லாத களப்பிலே, உயிர்காப்பு அங்கி அணிந்த இருவர் இருவராக மாணவர் ஏறினர். ஏனையோர் கரையிலே கொப்பியும் விற்றராசும் நூலும் கடிகாரமுமாக நின்றனர்.

அன்று அவர்கள் கற்றவற்றுள் மூன்றை மட்டும் இங்கே குறிப்பிடுவோம்.

முதலாவது, காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின்மேல் உண்டாகும் விசை இரட்டிப்பதன்று, நான்கு மடங்காகும் என்பது. செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வீசும் காற்றுப் பாயின் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ 15 நியூற்றன் விசையை உண்டாக்கவல்லது. ஆறு சதுர மீற்றர்ப் பாய்க்கு இது 90 நியூற்றன். காற்றின் வேகம் 10 மீற்றராக உயரின் அவ்விசை 360 நியூற்றன் ஆகும். காற்றுச் சற்றே வலுத்தவுடன் காக்கா பாயைச் சுருக்கியது அச்சத்தால் அன்று, அறிவால் என்பதை விற்றராசின் முள் மாணவருக்கு உணர்த்திற்று.

இரண்டாவது, திருப்பம். அந்த 90 நியூற்றன் விசை நீர்மட்டத்துக்கு இரண்டு மீற்றர் மேலே தாக்கினால், வள்ளத்தைக் கவிழ்க்க முயலும் திருப்பம் 180 நியூற்றன் மீற்றர். வள்ளத்தின் தன்னுறுதியைக் கணக்கிற் சேர்க்காது விட்டால், நாற்பது கிலோகிராம் எடையுள்ள சிறுவன் நடுவிலிருந்து 45 சென்ரிமீற்றர் காற்றுப் பக்கம் தள்ளி இருந்து அதனைச் சமன் செய்யலாம். காற்றின் வேகம் இரட்டித்தாலோ அவன் 1.8 மீற்றர் தள்ளி இருத்தல் வேண்டும். வள்ளத்தின் அகலம் அதற்குப் போதாது. அங்ஙனமாயின் பாயைக் குறைத்தல் வேண்டும். அன்றேல் வள்ளத்துக்கு வெளியே இருக்க வழி தேடல் வேண்டும். நம் தீவின் மேற்குக் கரையோர் பக்கத்திலே மிதவைக் கட்டை பிணைத்த ஓடங்களை அமைத்தது இவ்வழி தேடியே. மிதவையைத் தாங்கும் கழியின்மேல் எத்தனை பேர் ஏறி நிற்க வேண்டும் என்பதைக் கொண்டு அம்மாலுமிகள் காற்றையே அளந்தனர். ஒருவர் காற்று, இருவர் காற்று, மூவர் காற்று என்று வகுத்தனர். கருவியின்றி விசையை அளக்க இதனினும் நேரிய முறை வேறு உண்டோ?

மூன்றாவது, காற்றை எதிர்த்துச் செல்லும் விந்தை. காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் பாய்வள்ளம் போகும் என்றே மாணவர் எண்ணியிருந்தனர். காக்காவோ காற்றுக்குச் சாய்வாக அணியத்தைத் திருப்பி, வலமும் இடமுமாக மாறி மாறிச் சென்று, காற்று வந்த திசையிலேயே முன்னேறினார். வளைந்த பாய் காற்றை ஒரு பக்கமாகத் திருப்புகின்றது. நியூற்றனின் மூன்றாம் விதிப்படி காற்றும் பாயை மறுபக்கமாகத் தள்ளுகின்றது. அவ்விசையின் ஒரு கூறு வள்ளத்தை முன்னே செலுத்த, மற்றைக் கூறு பக்கவாட்டிலே தள்ளுகின்றது. நீருள் அமிழ்ந்த ஏராவும் பலகையும் பக்கவாட்டு அசைவைத் தடுத்துவிட, எஞ்சுவது முன்னோக்கிய இயக்கமே. விசை இணைகரத்தைக் கரும்பலகையிலே பத்துமுறை வரைந்தும் விளங்காத ஒருவன், சுக்கானைப் பிடித்த கையோடு “விளங்கிட்டு சேர்!” என்று கூவினான். அக்குரலை நாம் இன்றும் மறந்தோமல்லேம்.

“தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?” என்று நண்பர் சிலர் நகைத்ததுண்டு. வேலை உண்டு என்பதே நம் விடை. சோழ மன்னன் கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றின் செயலை அறிந்து ஆண்டு மரக்கலம் செலுத்தினான் என்று வெண்ணிக் குயத்தியார் பாடிய பாட்டுப் புறநானூற்றிலே உண்டு. அப்பாட்டுக்கு நாம் பலமுறை பொழிப்புரைத்தோம். ஆயினும் களப்பிலே வள்ளம் ஏறிய பின்னரே, அப்புலவர் காற்றை ஆளுதலை ஏன் ஒரு வெற்றியாகப் போற்றினார் என்பது நமக்கே விளங்கிற்று. கட்டுமரம் என்னும் நம் சொல்லே ஆங்கில மொழியிற் புகுந்து உலகெங்கும் வழங்குகின்றது. வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்து 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளோசெஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இவையெல்லாம் பெருமைக்காகச் சொல்லப்படுவன மட்டும் அல்ல. பெருமை பேசுவதோடு நிறுத்தி, அப்பெருமையைத் தந்த அறிவைக் கைவிட்டோம் என்பதைச் சுட்டவே சொல்லுகின்றோம்.

இக்கரையிற் பிறந்த பெரியார் ஒருவரை இங்கே நினைவுகூர்தல் கடன். 1892ஆம் ஆண்டிலே காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் வெளிவந்த அவரது யாழ்நூல் பழந்தமிழ் இசையைக் கணிதத்தாலும் நரம்பின் அதிர்வாலும் ஆராய்ந்தது. தமிழையும் விஞ்ஞானத்தையும் இரு கரையாகப் பிரித்து இடையே பாலமின்றி வைத்திருக்கும் நமக்கு, அப்பெருமகனார் இருகரையும் சேர நின்ற பாலமாவார்.

இனி, தடைகளை எண்ணுவோம். பெரிய தடை பாடத்திட்டமன்று, பணமுமன்று. அது ஒரு தாயின் கண்ணிலே நாம் கண்டது. களப்புக்குப் பிள்ளையை அனுப்ப ஒப்புதல் கேட்டுச் சென்றபோது அந்த அம்மா சொன்னார்: “நாங்க பட்டது போதும் சேர். எங்கட புள்ளையாவது பேனை புடிக்கட்டும்.” இதற்கு நாம் உடனே விடை கூறவில்லை, கூறவும் இயலவில்லை. கடலிலே கணவனைப் பாதி இரவில் அனுப்பிவிட்டு விடியுமளவும் விழித்திருப்பவர் சொல்லிய சொல் அது.

இத்தடை புதியதும் அன்று. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்திலே தொழில் முன்னிலைப் பாடங்கள் என்று புகுத்தப்பட்டன. அவ்வவ்வூர்த் தொழில்களை மாணவர் கற்றல் வேண்டும் என்பது நல்ல நோக்கமே. ஆயினும், உழவன் பிள்ளை உழவுக்கும் மீனவன் பிள்ளை மீன்பிடிக்கும் என்று தம் பிள்ளைகளைப் பிறந்த இடத்திலேயே கட்டிவைக்கும் சூழ்ச்சியோ என்று பெற்றோர் ஐயுற்றனர். ஆட்சி மாறிய சில ஆண்டுகளுள் அத்திட்டமும் மறைந்தது.

ஆகவே நாம் ஒன்றைத் தெளிவாக உரைத்தல் வேண்டும். நாம் வேண்டுவது மீனவரை ஆக்கும் கல்வியன்று. எந்திரவியலாளரையும் மருத்துவரையும் ஆக்கும் அதே பௌதிகத்தை, பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்திலிருந்து தொடங்குக என்பதே. கொழும்பு மாணவனுக்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் உண்டு. நம் மாணவனுக்கு அஃதில்லை. ஆனால் அவன் வீட்டு வாயிலில் இயற்கை அமைத்த ஆய்வுகூடம் ஒன்று பூட்டின்றிக் கிடக்கின்றது. அதனைப் பயன்படுத்தாது விடுதல் அவனை உயர்த்துவதாகாது. இதனை அந்த அம்மாவிடம் பின்னொருநாள் எடுத்துரைத்தோம். அவர் ஒப்பினார், முழுமனத்தோடன்று, மகனின் முகத்துக்காக.

இரண்டாவது தடை அச்சம். 2004 திசெம்பர் 26ஆம் நாளை இக்கரையில் எவர் மறப்பார்? கடலைக் கண்டாலே மனம் நடுங்கும் குடும்பங்கள் இங்கு உண்டு. அவர்தம் துயரை நாம் சொல்லாற் குறைத்துவிட முடியாது. எனினும் அந்நாளே நமக்கு ஒரு பாடத்தையும் விட்டுச் சென்றது. ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். பத்து மீற்றர் ஆழத்தில் 36 கிலோமீற்றராகக் குறைந்து, குறைந்த வேகத்துக்கு ஈடாக உயரத்திற் பெருகும். சுமாத்திராவின் அருகே எழுந்த அலை நம் கரையை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்நேரத்தைப் பயன்படுத்தும் அமைப்பு அன்று இல்லை. தாய்லாந்தின் பூக்கெட் தீவிலே பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, இரு வாரங்களின் முன் வகுப்பிற் கற்றதை நினைவுகூர்ந்து, கடலின் மாற்றத்தைக் கண்டு எச்சரித்தமையால் அக்கரையிலிருந்தோர் பலர் உயிர் தப்பினர். கடலை அறியாமை பாதுகாப்பன்று; அறிதலே பாதுகாப்பு.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். அவர்கள் கரையில் நின்று கணக்கு எழுதினாற் போதும் என்று முதலில் நாமே கருதினோம். அது தவறு என்பதை, மேலே கூறிய வினாவை எழுப்பிய மாணவி உணர்த்தினாள். பெற்றோர் ஒப்புதலோடு, ஆசிரியை ஒருவர் உடன் வர, ஊர் வழக்குக்கு ஏற்ற உடையோடு மாணவியரும் வள்ளம் ஏறுதல் இயலும். நம் அயலிலுள்ள அறுகம்பையிலே 2018இல் உள்ளூர்ப் பெண்கள் அலைச்சறுக்குக்கெனத் தமக்கொரு கழகமே அமைத்தனர் என்பதை இங்கே நினைத்தல் தகும்.

அறுகம்பையைச் சொல்லும்போது மற்றொன்றும் நெஞ்சில் எழுகின்றது. ஆண்டுதோறும் சித்திரை தொடங்கி ஐப்பசி வரை உலகின் பல பாகங்களிலிருந்தும் அலைச்சறுக்குவோர் அங்கே வருகின்றனர். ஆழம் குறைந்த இடத்தில் அலையின் வேகம் குறைதலால், அது முனையைச் சுற்றி வளைந்து, வரிசையாக உடைகின்றது. அலைமுறிவு என்று பாடநூல் கூறுவது இதனையே. பிற நாட்டார் பல்லாயிரம் மைல் கடந்து வந்து காணும் அலையை, நம் பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியின் படத்திலே கற்கின்றனர். இதனினும் இரங்கத்தக்கது யாது?

பிறநாட்டார் இவ்வழியிற் பலகாலம் முன்னரே நடந்தனர். பிரித்தானியாவின் அபர்டோவியில் 1941இலே கேட் கான் முதலியோர் தொடங்கிய கல்விநிலையம் இளைஞரைக் கடலின் வாயிலாகவே பயிற்றியது. அவாயித் தீவினர் முன்னோர் ஓடங்களின் வடிவிலே கட்டிய ஒகூலேயா என்னும் இரட்டை ஓடம் 1976இற் கருவியெதுவுமின்றித் தாகித்தி வரை சென்றது. அவ்வோடத்தை அவர்கள் காட்சிக்கு வைத்து விட்டாரல்லர். தம் பிள்ளைகளுக்கு விண்மீனும் காற்றும் அலையும் கற்பிக்கும் பள்ளியாக ஆக்கினர்.

நம்மால் ஆவது யாது? பெருந்திட்டம் எதுவும் வேண்டா. தவணைக்கு நான்கு சனிக்கிழமைகள் போதும். இடம் களப்பாக இருத்தல் வேண்டும், திறந்த கடலன்று. ஏனெனில் வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் இக்கரையிலே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. சிறு பாய்வள்ளத்தை வெளியே கொண்டுபோய்விடும். மாரியிலே முகத்துவாரம் உடைப்பெடுக்கும் காலத்தையும் தவிர்த்தல் வேண்டும். உயிர்காப்பு அங்கி இன்றி எவரும் ஏறலாகாது. விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் காக்கா போன்ற முதியவர் ஒருவரும் ஒருங்கே நிற்றல் வேண்டும். அம்முதியவரைப் படகோட்டியாகவன்றி ஆசானாக மதித்து, அதற்குரிய வேதனத்தையும் வழங்குதல் முறை. பாய் பிடிக்க அறிந்தோர் இக்கரையில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர் மறைந்தால் அவ்வறிவும் மறையும். எழுதிவைக்க ஏடும் இல்லை.

பாய் பழங்காலத்துப் பொருள் என்று தள்ளுவோருக்கும் ஒரு சொல். 2022ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய் கிடையாது நாடெங்கும் மீனவர் படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டு வாளாவிருந்தனர். காற்றோ அன்றும் வீசிக்கொண்டேயிருந்தது. பொறியை விட்டுப் பாய்க்குத் திரும்புக என்று நாம் கூறவில்லை. காற்றை ஆளும் அறிவை முற்றாக இழந்த கடற்கரை, கைவிளக்கை எறிந்துவிட்டு மின்விளக்கை மட்டும் நம்பியிருக்கும் வீட்டை ஒக்கும் என்றே கூறுகின்றோம்.

இறுதியாகப் பழைய மாணவராகிய நம் தோழர்க்கு ஒரு விண்ணப்பம். விழாக்காலத்திலே நிதி திரளுதல் இயல்பு. தோரணவாயில் எழுப்பலாம், நினைவுக்கல் நாட்டலாம், அவற்றுள் நம் பெயரையும் பொறிக்கலாம். அவற்றை வேண்டாவெனக் கூற நாம் துணியோம். ஆயினும் அந்நிதியின் ஒரு சிறு பங்கிலே இரண்டு வள்ளங்கள் வாங்கலாகும். ஒன்று இக்கல்லூரி மாணவருக்கு. மற்றொன்று பொத்துவிற் களப்பிலே, சைவப் பிள்ளையும் இசுலாமியப் பிள்ளையும் கிறித்தவப் பிள்ளையும் ஒன்றாக ஏறுதற்கு. சமநிலை என்பதை அவ்வள்ளம் பௌதிகத்தோடு சேர்த்தே கற்பிக்கும். ஒருவன் அசைந்தால் மற்றவனும் அசைந்தாலன்றி அது நிமிர்ந்து நில்லாது.

நாம் இக்கல்லூரியிற் பயின்ற காலத்திலே ஆசிரியர் ஒருவர் கப்பியைக் கற்பிக்க எம்மைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். ஆண்டு பல கழிந்தும் அப்பாடம் ஒன்றே ஏட்டைப் பாராது நினைவில் நிற்கின்றது. அந்தக் கிணற்றடிக்கு நாம் பட்ட கடனைக் களப்படியிலே தீர்க்க விழைகின்றோம். கைகொடுப்பார் கொடுப்பாராக.

கல்லூரி வாழ்க! அதன் பிள்ளைகள் காற்றையும் ஆள்க!